காயாத சீருடை

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பு இருக்கிறது, போனைத் திறந்தால் ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் அதற்காக எழுதவில்லை. முப்பத்து மூன்று வருஷம் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மழைக்காலத்தில் ஒரு வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது, அதில் நிற்கிற டீச்சருக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதைச் சொல்லவேண்டுமானால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். சொல்வதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு மழை பழகாத விருந்தாளி. வருஷத்தில் பத்து மாதம் வராதா, வராதா என்போம். ஐப்பசியில் சேர்ந்தாற்போல் நாலு நாள் பெய்தால் எப்போது கிளம்பும் என்று முகம் சுளிப்போம். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்து, எந்தெந்த மாவட்டத்துக்கு லீவு என்று கீழே ஓடுகிற எழுத்தைப் படிப்பேன். பக்கத்து மாவட்டங்களுக்கெல்லாம் விட்டிருப்பார்கள், மதுரைக்கு மட்டும் இருக்காது. பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அவர்களைவிட எங்களுக்குத்தான் அதிக ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தோடுதான் பஸ் ஏறுவோம்.

என் வகுப்பு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. பழைய கட்டடம், தரைத்தளம், ஐம்பத்தாறு பேர். ஜன்னலைத் திறந்தால் சாரல் முதல் வரிசையின் நோட்டுகளை நனைக்கும். மூடினால் மூச்சு முட்டும். மழை பலத்தால் கரண்ட் போகும், ஃபேன் நின்றுவிடும். மழை நாள் என்றால் குளுகுளு என்று இருக்கும் என்பது வீட்டில் இருப்பவர்களின் நினைப்பு. ஐம்பத்தாறு பேர் மூச்சுவிடுகிற மூடிய அறையில் நின்று பாருங்கள், முதுகில் வேர்வை ஓடும். ஈரத் தலைமுடி, தேங்காய் எண்ணெய், நனைந்த சாக்ஸ், காலையில் கட்டிய புளிச்சோறு எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. ஈரம் ஏறிய போர்டில் சாக்பீஸ் எழுதாது, வழுக்கும்.

பிள்ளைகள் அன்றைக்கு வேறு பிள்ளைகளாக இருப்பார்கள். துறுதுறுவென்று இருப்பவள் மந்தமாகிவிடுவாள். மந்தமானவள் தூங்குவாள். மீதிப் பேர் சண்டை போடுவார்கள், என் குடையை எடுத்தது யார், என் மேல் தண்ணீர் தெளித்தது யார் என்று. ஓடியாடி அதைத் தீர்த்துக்கொள்ள விளையாட்டு பீரியடும் இருக்காது. எங்கள் ஓய்வறையில் நாங்களும் அதே சண்டையைத்தான் போடுவோம், கொஞ்சம் நாகரிகமாக. யார் குடை யார் புடவை மேல் சொட்டியது என்பதற்காக இரண்டு டீச்சர்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். அதில் ஒருத்தி நான்.

எனக்குக் கூடுதலாகச் சேற்றுப்புண் வேறு. தெருத் தண்ணீரில் நடந்து நடந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய் எரியும். மத்தியானம் ஆகிறபோது எரிவது காலா மனசா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு எதிரில் இருக்கிற பிள்ளைதான் காரணம் என்று தோன்றும். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இனி சீருடை விஷயம். சீருடை இல்லாமல் கலர் டிரஸ்ஸில் வருகிற பிள்ளைகள் காலை வழிபாட்டின்போது சுவரோரம் தனி வரிசையில் நிற்க வேண்டும், அவர்கள் பேர் எழுதப்படும், மூன்றாவது தடவை எழுதினால் பெற்றோரைக் கூட்டிவர வேண்டும். என் வகுப்புக்கு இந்த விதியைக் கொண்டுவந்தவள் நான். கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஏதாவது சாக்குச் சொல்லிப் புதுத்துணியில் வருவதும், மற்றவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததுமே அறிவித்துவிட்டேன். நம் ஊர் ஜூன் மாதத்தில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வருவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். அந்த வெயிலில் உட்கார்ந்து எழுதின விதி ஐப்பசியிலும் நிற்குமா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

என் வகுப்பில் பாண்டிச்செல்வி என்று ஒரு பெண். திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். அப்பா கொத்தனார், கேரளாவில் வேலை. அம்மாவுக்கு எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில், பழங்காநத்தத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை. விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார். அதனால் காலையில் தானே எழுந்து, தானே தலை பின்னி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிற பிள்ளை. கணக்கை அடித்தல் திருத்தல் இல்லாமல் போடுவாள். அவளிடம் இரண்டு செட் சீருடை இருந்தது. கருநீலச் சுடிதார், அதற்கு மேல் கெட்டித்துணியில் ஒரு ஓவர்கோட்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை விடவே இல்லை. திங்கட்கிழமை பாண்டிச்செல்வி மஞ்சள் சுடிதாரில் வந்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே மஞ்சள் சுடிதார். மழை என்பதால் வழிபாடு வராண்டாவில் நடந்தது. சுவரோரம் நின்றவர்களின் பேரை எழுதிக்கொண்டே வந்த நான் அவளிடம் நின்றேன்.

“ரெண்டும் காயல டீச்சர்” என்றாள்.

“யூனிபார்ம்ல வந்திருக்கவங்க வீட்டுக்கு மட்டும் தனியா வெயில் அடிக்குதா?” என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. “நாளைக்கு வந்தா மூணாவது தடவை. அம்மாவோட வா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் அம்மா ஒரு நாள் மெஸ்ஸுக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை அவள் சீருடையில் வந்தாள். ஓவர்கோட் இஸ்திரி போட்டு மடிப்பு மடிப்பாக நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. முதல் பீரியடில் அவளை எழுப்பி நிறுத்தி வகுப்புக்கே காட்டினேன்.

“பாருங்க எல்லாரும். எம்புட்டுத் தூரத்துல இருந்து பஸ் ஏறி வாரா. மனசு வச்சா முடியுதுல்ல?”

பிள்ளைகள் கைதட்டினார்கள். பாண்டிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மதியம் ஆறாவது பீரியடும் எனக்கு அதே வகுப்புதான். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது, ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. அரையாண்டுத் தேர்வுக்குள் முடிக்கவேண்டிய பாடம் பாதிகூட ஆகவில்லை. நான் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், பாண்டிச்செல்வி டெஸ்கில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கிறாள்.

“பாண்டிச்செல்வி, எந்திரி.”

எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். டெஸ்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நான் கேள்வி கேட்பதற்குள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் பாராட்டியதும் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

“நிக்கச் சொன்னா உக்காருவியா? வெளிய போய் நில்லு. காத்துப் பட்டாத்தான் தூக்கம் தெளியும்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் எழுந்து, “டீச்சர், அவ டிரஸ்ஸு...” என்று ஆரம்பித்தாள்.

“ஒன்னையக் கேட்டேனா? நீயும் போறியா?”

நஸ்ரின் உட்கார்ந்துவிட்டாள். பாண்டிச்செல்வி வராண்டாவுக்குப் போனாள். அங்கே சாரல் அடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அடிக்கட்டும் என்று நினைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கதவு வழியாக அவளுடைய தோள் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. சுவரில் சாய்ந்திருப்பாள் என்று கணக்கைத் தொடர்ந்தேன். ஒரு கால் மணி நேரம் போயிருக்கும்.

வராண்டாவைக் கூட்ட வந்த முருகாயி அக்காதான் முதலில் பார்த்தார். எங்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர்.

“டீச்சர், ஓடியாங்க! இந்தப் புள்ளைக்கு மூச்சு இழுக்குது!”

ஓடினேன். பாண்டிச்செல்வி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்வாங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கைகளாலும் அவளை அணைத்துத் தூக்கினேன். என் புடவை மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் நனைந்துவிட்டது. சாரலில் கால் மணி நேரம் நின்றால் அவ்வளவு நனையாது. ஓவர்கோட்டின் மேல்பக்கம் மட்டும்தான் ஓரளவு உலர்ந்திருந்தது. உள்ளே இருந்த சுடிதார் பிழியாத துணி மாதிரி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கொடியில் கிடந்த ஈரத்துணியை எடுத்துக் காலையில் போட்டுக்கொண்டு, மேல் கோட்டை மட்டும் இஸ்திரி போட்டு வந்திருக்கிறாள். கருநீலத்தில் ஈரம் தெரியாது. காலை ஏழு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரைக்கும் அந்த ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் நான் எழுப்பிக் காட்டிக் கைதட்ட வைத்தேன்.

தலைமையாசிரியை நூற்றி எட்டுக்கு போன் போட்டார். தண்ணீர் தேங்கி வண்டிகள் சிக்கியிருக்கின்றன, அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் தெருமுனையில் முழங்கால் தண்ணீர், என்ஜின் அணைந்துவிடும் என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அரை மணி நேரம் பார்ப்போம் என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதுவரைக்கும் எல்லாவற்றிலும் சட்டென்று முடிவெடுத்த நான் அப்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பார்க்க நேரமில்ல டீச்சர், சேரை எடுங்க” என்றார் முருகாயி அக்கா.

ஓய்வறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நஸ்ரின் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ஆட்டோக்காரர் சொன்ன முழங்கால் தண்ணீர் அதற்குள் இடுப்பை நெருங்கியிருந்தது. வழி முழுக்க அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன், அது நிற்காமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர்.

பின்னாலேயே வந்துவிட்ட தலைமையாசிரியை என்னைத் தனியே அழைத்தார்.

“வராண்டாவுல நிக்க வச்சதையெல்லாம் இப்ப எதுக்குப் பேசணும் டீச்சர்? புள்ள ஈரத்துணியோட வந்துச்சு, இளைப்பு வந்துச்சு, நாம தூக்கிட்டு வந்தோம். அம்புட்டுத்தான்.”

அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதைக் கேட்டவுடன் எனக்கு வந்த நிம்மதியைத்தான் சொல்லவேண்டும். அவ்வளவு பெரிய நிம்மதி.

அம்மா வந்தார். மெஸ்ஸிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார், கையில் வெங்காய வாடை. மகளைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் ஒரு கவரில் போட்டு வைத்திருந்த ஈரச் சீருடையைப் பார்த்தார். உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது.

“காயலைன்னுதானடி மஞ்ச டிரஸ்ஸ எடுத்து வச்சுட்டுப் போனேன்? சின்னப்புள்ளையில இளைப்பு வந்து நான் பட்டது போதாதா? எதுக்குடி இந்த ஈரத்தை எடுத்து மாட்டுன?”

பாண்டிச்செல்வி மாஸ்க்குக்கு மேலே என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “சும்மாதாம்மா” என்றாள்.

“சும்மாவா? அம்புட்டும் பிடிவாதம் டீச்சரு. சொன்ன பேச்சே கேக்காது.” அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க மட்டும் இல்லைன்னா எம்புள்ளைய நான் பாத்திருக்க மாட்டேன். உங்களுக்கு எம்புட்டுச் சிரமம் குடுத்துட்டா.”

அவர் நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாளும் மழை. வழிபாட்டின்போது வராண்டாவில் சுவரோரம் பார்த்தேன், ஒருவர்கூட இல்லை. தலைமையாசிரியைக்கே ஆச்சரியம். ஒன்பது பி முழுக்கச் சீருடையில் வந்திருந்தது. நடந்ததற்குக் காரணம் என்னவென்று நாங்கள் யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. விதி அப்படியே இருந்தது. ஈரத்தோடு வந்தவளுக்கு நான் கைதட்ட வைத்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள், அது போதுமாக இருந்தது. வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சில் இருந்தவளின் கையைத் தொட்டேன். ஈரம். அடுத்தவள், ஈரம். பெஞ்ச் பெஞ்சாகத் தொட்டுக்கொண்டே போனேன். பாதிப் பேருக்கு மேல் உள்ளே ஈரம், மேலே இஸ்திரி.

“காயலைன்னா ஏம்மா போட்டுட்டு வந்தீங்க?”

“இன்னைக்கு எனக்கு மூணாவது தடவை டீச்சர்” என்றாள் ஒருத்தி.

நஸ்ரின் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தோளும் ஈரமாகத்தான் இருந்தது. அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளையிலிருந்து எது காய்ந்திருக்கிறதோ அதைப் போட்டு வாருங்கள், பேர் எழுத மாட்டேன் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியையிடம் பேசி, ஈரத்தோடு இருந்தவர்களை வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அனுப்பினோம்.

அந்த வரிசை அன்றோடு போனது, பிறகு நான் இருந்த வரைக்கும் திரும்பி வரவில்லை. பாண்டிச்செல்வி பத்து நாளில் பள்ளிக்கு வந்துவிட்டாள், நன்றாகவே படித்தாள். உங்களில் சிலருக்கு இத்தோடு மனசு ஆறிவிடும். நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்கு நடுவில் நடந்தது. மழை நாளில், கசகசப்பில், கரண்ட் இல்லாத வகுப்பில் உங்களுக்கு வருகிற கோபத்தை ஒரு பீரியட் தள்ளிப்போடுங்கள். காயவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் தொட்டுப் பாருங்கள். இதெல்லாம் சுலபம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தப்புச் செய்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் கஷ்டம்.

ஈரத்தோடு வந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெஸ்ஸுக்குப் போகவில்லை. வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுவரோர வரிசை, மூன்றாவது தடவை, வெயில் அடிக்குதா என்று நான் கேட்டது, கைதட்டல், வராண்டா, ஒன்றையும் விடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கத்தவில்லை.

“அப்ப அவ பிடிவாதம் பண்ணலையா?”

“இல்லம்மா.”

“நேத்துல இருந்து அவளத்தான டீச்சரு வஞ்சுக்கிட்டே இருக்கேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வார்த்தை சொல்லலையே அவ.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, உள்ளே கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்றீக? அவகிட்டச் சொல்லுங்க.”

அந்த நிமிஷம் வரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் சொல்லவேண்டும், சொல்லிவிட்டதைத் தலைமையாசிரியையிடமும் சொல்லவேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். அதுவரைக்கும் எத்தனையோ பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையிடம் நான் கேட்டதில்லை.

உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் பாண்டிச்செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். டீச்சர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் அல்லவா. தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“தப்பு எம்மேலதாம்மா. காயலைன்னு நீ சொன்னப்ப நான் நம்பியிருக்கணும். என்னை மன்னிச்சிரும்மா.”

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“பரவாயில்ல டீச்சர்” என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் நடுவில் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.